இஸ்லாத்தில் மதுத் தடையும் புதுச்சேரி எல்லையும்

இஸ்லாமிய மார்க்கத்தில் விலக்கப்பட்டவை 'ஹராம்' எனப்படும். மது, சூது, வட்டி, பன்றி இறைச்சி ஆகியன அவற்றுள் சில. இவற்றுள் மதுத் தடை படிப்படியாக வந்தது.

தடையின் படிநிலைகள்

கி.பி. 622 இல் நபிகள் நாயகம் மதீனாவுக்குக் குடிபெயர்ந்தபோது அரபு மக்களிடம் மதுப்பழக்கம் வேரூன்றியிருந்தது. மதுவிலும் சூதிலும் சில பயன்கள் இருந்தாலும் அவற்றின் பாவம் பெரிது என்று குர்ஆன் (2:219) முதலில் உணர்த்தியது. பின்னர், போதையில் தொழுகையை நெருங்கக் கூடாது (4:43) என்றது. நாள்தோறும் பல வேளை தொழுவோர்க்குக் குடிக்கும் நேரம் இதனால் சுருங்கியது. இறுதியாக முழுத் தடை (5:90-91) வந்தது. அப்போது மதீனாத் தெருக்களில் மக்கள் மதுவை ஊற்றிவிட்டதாக நபிமொழிகள் கூறுகின்றன.

நோக்கம்

மது பகையை வளர்க்கும், இறை நினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் தடுக்கும் என்று 5:91 ஆம் வசனம் காரணம் சொல்கிறது. சமயம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் ஆகிய ஐந்தையும் காப்பதே சட்டத்தின் நோக்கம் என இமாம் கஸ்ஸாலி (இறப்பு 1111) வகுத்தார். மதுத் தடை அறிவைக் காப்பது. எனினும் உயிர் போகும் நெருக்கடியில் விலக்கப்பட்ட உணவை உண்பது குற்றமாகாது (2:173).

அரசுச் சட்டமும் மனக்கட்டுப்பாடும்

சென்னை மாகாணத்தில் இராஜாஜி அரசு 1937 இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971 இல் தளர்த்தப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை, 1954 இல் அது இந்தியாவுடன் இணைந்த பின்னும், அச்சட்டம் கட்டுப்படுத்தவில்லை. விழுப்புரம் சாலையில் எல்லையை ஒட்டியுள்ள மதகடிப்பட்டில் இவ்வேறுபாடு வெளிப்படை. சில கிலோமீட்டர் தொலைவில் சட்டமே மாறிவிடும்.

முஸ்லிமுக்கோ எல்லையின் இருபுறமும் தடை ஒன்றே. அரசு அனுமதித்தாலும் ஹராம் ஹலால் ஆகாது. கடை திறந்திருக்கும் ஊரில் அதைக் காப்பது காவலர் அல்லர், இறையச்சமே. 'தக்வா' எனப்படும் இவ்வச்சத்தை வளர்ப்பதே ரமலான் நோன்பின் நோக்கம் என்கிறது குர்ஆன் (2:183). நோன்பாளி ஆகுமான உணவையும் நீரையும் பகலில் தானே விலக்குகிறார். ஆகுமானதையே விலக்கப் பழகிய மனத்துக்கு ஹராமை விலக்குவது எளிதாகிறது.