தூத்துக்குடிக் கப்பல் போன வழியில் ஒளி

நெட்வேர்க் சுவிட்சில் செருகுகிற விரல் நீளப் பெட்டி ஒன்று இருக்கு. ஒளி மொடியூல் எண்டு சொல்லுவினம். மின்சைகையை லேசர் ஒளியாக்கி அனுப்பும், எதிர்ப்பக்கத்திலிருந்து வாற ஒளியைத் திரும்ப மின்சைகையாக்கும். 10 கிலோமீற்றர், 40, 80 எண்டு தூரத்தைச் சொல்லித்தான் வாங்கவேணும். கூடினதையே வாங்கினால் நல்லம்தானே எண்டு நாங்களும் நினைச்சிருந்தோம். இல்லை. பக்கத்து அறைக்கு 80 கிலோமீற்றர் மொடியூலைப் போட்டால் வெளிச்சம் தாங்காமல் எதிர்முனை பழுதாகவும் கூடும்.

இதே தெரிவு எங்கட கடலிலும் ஒருக்கா நடந்தது, மிகப் பெரிய அளவில. 2006இல் பி.எஸ்.என்.எல்.லும் சிறீலங்கா டெலிகொம்மும் சேர்ந்து தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் நடுவில் பாரத் லங்கா கேபிளைப் போட்டன. புது வழியல்ல இது. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பலும் வரமுதல், சனமும் தபாலும் ரயிலில் தூத்துக்குடி வந்து, கப்பலேறிக் கொழும்பில் இறங்கின பாதைதான்.

நீளம் 300 கிலோமீற்றருக்கு மேல். நீண்ட கடல் கேபிள்களில் இடைக்கிடை ஒளியைப் பெருக்கும் கருவிகள் இருக்கும், அவற்றுக்குக் கேபிள் வழியே மின்சாரம் போகவேணும், பழுதானால் கப்பல் தேடவேணும். இதில் அப்படி எதுவும் இல்லை. எல்லா வலுவும் இரண்டு கரையிலும் இருக்கிற கருவிகளிலதான்.

அதுக்குத்தான் அலைநீளம் முக்கியம். 1310 நனோமீற்றர் ஒளி கண்ணாடி இழையில் ஏறத்தாழ 9 கிலோமீற்றருக்கு ஒருக்கா பாதியாகும். 1550 நனோமீற்றர் ஒளி 15 கிலோமீற்றர் தாங்கும். வித்தியாசம் சின்னன் எண்டு தோன்றும். ஆனால் 300 கிலோமீற்றரில் 1550 ஒளி 20 தரம் பாதியாகி, அனுப்பினதில் பத்து லட்சத்தில் ஒரு பங்காவது கரை சேரும், அதைக் கருவி பிடிச்சிடும். 1310 ஒளி 30 தரத்துக்கு மேல் பாதியாகும். நூறு கோடியில் ஒரு பங்கும் மிஞ்சாது.

கேபிளின் ஆண்டைத் தேடப்போன எங்களுக்கு 2006 எண்டதும் வேறொண்டுதான் ஞாபகம் வந்தது. மாவிலாற்று அணைக்கதவு பூட்டுப்பட்டதும், ஆகஸ்ட்டில் மூதூர்ச் சனம் எங்கட தம்பலகாமத்துக்குப் பக்கத்திலிருக்கிற கந்தளாய்க்கு இடம்பெயர்ந்ததும் அந்த வருசம்தான். நாங்கள் அப்ப குழந்தைகள். ஊரில் பெரியாக்களிட்ட 2006ஐப் பற்றிக் கேட்டால் மூதூரைத்தான் சொல்லுவினம். கல்கிசையில் ஒரு கேபிள் கரையேறினதை ஒருத்தரும் சொல்லமாட்டினம்.