பெயர் சொல்லப்படாத கிற்றார்

வட்டவளையைத் தாண்டி ஹற்றனை நோக்கி ஏறும் கோச்சி மூச்சு வாங்கி நிற்கும் சிறிய நிலையம் றொசல்ல. 1884இல் ஹற்றன் வரை இருப்புப்பாதை போடப்பட்ட பின்னர் மலையகத்துத் தேயிலை இவ்வழியாகத்தான் கொழும்புக்கு இறங்கியது. என் பாடசாலைக் காலம் இந்த ஊரில் கழிந்தது. ஊரின் வரலாற்றைப் பிறிதொரு நாள் எழுதலாம். இன்று எழுத நினைப்பது, அந்நாளில் வானொலிச் செய்திக்கு முன்னர் ஓரிரு நிமிடங்கள் ஒலித்து மறைந்த கிற்றார் இசையைப் பற்றி.

நிகழ்ச்சி சற்று முன்னதாக முடிந்துவிட்டால் எஞ்சும் நேரத்தை வாத்திய இசையால் நிரப்புவார்கள். நாமறிந்த திரைப்பாடலின் மெட்டுத்தான். ஆனால் பாடகர் இல்லை. பாடகர் நின்ற இடத்தில் கிற்றார் நிற்கும். சரணம் தொடங்கும் வேளையில் நேரக் குறிப்பொலி வந்து அதை வெட்டிவிடும். பாடலென்றால் பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர், படம் என்று அறிவிப்பாளர் அத்தனையும் சொல்வார். இதற்கு மட்டும் ஒன்றுமில்லை. பத்திரிகையில் பத்தியின் அடியில் இடம் மிஞ்சினால் துணுக்குப் போடுவோம். அதை எழுதியவரின் பெயர் அச்சேறாது. அவ்வாறான துணுக்குகள் நூற்றுக்கணக்கில் எழுதியவன் என்ற முறையில், அந்தக் கிற்றார்க்காரர்கள்மீது எனக்குத் தனி வாஞ்சை உண்டு.

பல ஆண்டுகளின் பின் கொழும்பில் பழைய இசைத்தட்டு விற்கும் கடையொன்றில் சுனில் கங்குலியின் தட்டைக் கேட்டபோது, "இதுதான் அது" என்றது காது. கல்கத்தாக் கலைஞரான அவர் ஹிந்தித் திரைப்பாடல்களை எலெக்ட்ரிக் கிற்றாரில் வாசித்து எச்.எம்.வி. வழியாகத் தட்டுத் தட்டாக வெளியிட்டவர். அவருக்கு முன்னோடி வான் ஷிப்லி. 1927இல் லக்னோவில் பிறந்து 2008இல் மறைந்த இவர் வயலினும் கிற்றாரும் ஒருசேர வாசித்தவர். பம்பாய்த் திரையிசையில் பணியாற்றியபடியே அப்பாடல்களைக் கருவியிசையாகவும் பதிவுசெய்தார்.

இவ்வகைப் பதிவுகளுக்கு ஹவாய் கிற்றார் பெரிதும் விரும்பப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண கிற்றாரின் கழுத்தில் உள்ள உலோகக் கட்டைகள் சுரத்தைப் படிப்படியாக வெட்டிவிடும். நம் பாடல்களோ சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்பவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவின் ஜோசப் கெகுகு என்பவர், கருவியை மடியில் கிடத்தித் தந்திமேல் உருக்குத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறையைப் பரப்பினார். 1940களில் டாவ் மோ என்ற கலைஞர் குடும்பத்துடன் கல்கத்தாவில் தங்கியிருந்து அம்முறையை அங்கு வேரூன்றச் செய்தார். கமகத்துக்கு வழி திறந்துவிட்டது. வீணையின் உறவுக்காரன்போல் அது நம் வீட்டுக்குள் நுழைந்துகொண்டது.

மேற்கில் கதை வேறு விதம். 1960இல் இங்கிலாந்தின் 'ஷடோஸ்' குழு வெளியிட்ட 'அப்பாச்சி' என்ற கருவியிசைத் தட்டு அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்கப் பழங்குடியொன்றின் பெயர் அது. எங்கள் பாடசாலைக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியர் பெயரைக் கேட்டுவிட்டு, "தகப்பனுடைய தாய்க்கு ஏனடா கிற்றார்?" என்று கேட்டது இன்றும் நினைவிருக்கிறது. அந்த மெட்டை அமைத்தவர் ஜெரி லோர்டன். ஷடோசுக்கு முன்னரே பெர்ட் வீடன் அதைப் பதிவுசெய்துவிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் 'வெஞ்சர்ஸ்' குழுவுக்குப் புகழ் தந்த 'வோக் டோன்ட் ரன்' என்ற மெட்டும் ஜொனி ஸ்மித் 1954இல் ஆக்கியதே. ஆக, இத்துறையின் மூலநூல்கள் என்று போற்றப்படுபவையே மறுவாசிப்புகள்தாம். மறுவாசிப்பை இரண்டாந்தரம் என்று ஒதுக்குவோரை நான் ஏற்பதில்லை.

'அப்பாச்சி'யில் ஹாங்க் மார்வினின் கிற்றாருக்கு எதிரொலிக் கருவியொன்று குகைக்குள் கேட்கும் கார்வையைத் தந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் கேட்கும் முரசை அடித்தவர், அக்குழுவைப் பக்கத்தில் வைத்துப் பாடிய கிளிஃப் ரிச்சர்ட். அவரும் லக்னோவில் பிறந்தவரே, 1940இல்! ஒரே ஊரில் பிறந்த இருவர். கிற்றாரிசையின் இரு கரைகள்.

இலங்கையில் அறுபதுகளின் நடுப்பகுதியில் கிளரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவின் வழியாக எலெக்ட்ரிக் கிற்றாரைச் சிங்களப் பாடலின் நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ.மனோகரனும் பொப்பிசையில் அதைப் பழக்கப்படுத்தினர். தோட்டங்களில் தப்பும் உருமியும் போதுமானதாக இருந்தன, கிற்றார் அபூர்வம். எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் தந்தி அறுந்தால் மாற்றுத் தந்தி கிடைப்பதே பெரும்பாடு.

எங்கள் தோட்டத்தில் ஓர் அண்ணன் வைத்திருந்தார். அறுந்த தந்திக்குச் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துக் கட்டியிருப்பார். வானொலியில் அரை நிமிடம் கேட்ட மெட்டை மறுநாள் வாசித்துக்காட்டுவார். 1977க்குப் பின் சந்தை திறந்து கசெற் றெக்கோர்டர்கள் வந்தன. 1982இல் யாரிடமோ ஒன்றை இரவல் வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத கொழுந்து மடுவத்தில் வைத்து ஆறு மெட்டுகளைப் பதிவுசெய்தார். தகரக் கூரையும் வெறுந்தரையும் எதிரொலிக் கருவிக்கு ஈடாயின. ஐந்து மறுவாசிப்புகள். அவற்றுள் ஒன்று 'அப்பாச்சி'. முரசுக்குத் தகர வாளியைத் தட்டியவன் நான். ஆறாவது அவருடைய சொந்த மெட்டு. கீழ்த்தந்திகளை உள்ளங்கையால் அமுக்கித் தப்படிபோல் ஒலிக்கச் செய்து, அதன்மேல் மெட்டை நடக்கவிட்டிருப்பார்.

1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டியை மலையகம் 'அழுகைக் கோச்சி' என்றது. அண்ணனின் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு முன்பே வந்திருந்தும் போகாமல் தாமதித்தார்கள். 1983 ஜூலைக்குப் பின் தாமதிக்கத் துணிவில்லை. 1984இன் தொடக்கத்தில் புறப்பட்டார்கள். அப்போது எனக்கு வயது பதினான்கு. கிற்றாரைச் சாக்கில் சுற்றி எடுத்துச் சென்றார். கசெற்றை என்னிடம் தந்தார். அதே ஆண்டில் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. பிறகு கடிதமில்லை.

அண்மையில் கனடாவிலிருந்து வந்த என் தங்கை மகன் அந்தக் கசெற்றைக் கணினிக்கு மாற்றித் தந்தான். வீட்டிலேயே பழைய பாணிக் கிற்றார் மெட்டுகளைப் பதிவுசெய்பவன் அவன். நாடாவின் இரைச்சலைக்கூடச் செயற்கையாகச் சேர்ப்பதற்கு இப்போது மென்பொருள் இருக்கிறதாம். இந்த நாடாவில் அது தாராளமாகவே இருந்தது. ஆறு கோப்புகளுக்கும் பெயர் கேட்டான். ஐந்துக்குச் சொன்னேன். ஆறாவதற்கு அண்ணன் பெயர் வைத்தாரா என்பதே எனக்குத் தெரியாது.

நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறியிருப்பார்கள் என்று கேள்வி. றொசல்லயிலிருந்து 1984இல் கிற்றாருடன் வந்த ஒருவரை அப்பகுதி வாசகர்கள் யாரேனும் அறிந்திருந்தால், வாளி தட்டிய பையன் விசாரித்தான் என்று சொல்லுங்கள். அந்த மெட்டின் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.