குறையுள்ள மனுவும் முப்பது நாள் அவகாசமும்: ஆர்க்கன்சோ மாநில அனுபவம்

சட்டசபையை நம்பியிராது குடிமக்களே கையொப்பம் திரட்டி, ஒரு சட்டத்தையோ யாப்புத் திருத்தத்தையோ வாக்கெடுப்புக்குக் கொணரும் முறை, ஐக்கிய அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. புகையிரதக் கம்பனிகள் முதலான பெருமூலதனத்துக்குச் சட்டசபைகள் அடிபணிந்துவிட்டன என்னும் அவநம்பிக்கையே அதன் ஊற்று. இம்முறையை ஆராய்வோர் வேண்டப்படும் கையொப்பத் தொகையையே பெரிதும் நோக்குவர். பிழையுள்ள மனுவைத் திருத்த இடமுண்டா என்ற வினாவோ வெறும் அலுவலக நடைமுறையாக ஒதுக்கப்படுகின்றது. இவ்வுரிமை எவர் கைக்கு எட்டும் என்பதைப் பெரிதும் நிர்ணயிப்பது அவ்வினாவே என நாம் கருதுகிறோம்.

ஆர்க்கன்சோ மக்கள் 1920இல் வாக்களித்த ஏழாம் திருத்தம் (1925இல் நீதிமன்றத் தீர்ப்பினாலேயே அது செல்லுபடியாயிற்று) இவ்விடயத்தில் தாராளமானது. மாநில மனு போதாதெனச் செயலாளர் கண்டால், அமைப்பாளருக்குத் தாமதமின்றி அறிவித்து, திருத்துவதற்குக் குறைந்தது 30 நாள் அளித்தல் வேண்டும். உள்ளூர் மனுக்களுக்கு 10 நாள். கூலிக்கு ஆள் அமர்த்த இயலாத விவசாயி, தொழிலாளி அமைப்புகளுக்கு இத்தகைய அவகாசம் எத்துணை இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இச்சலுகை துர்ப்பிரயோகம் செய்யப்பட்டதும் உண்மையே. செல்லாக் கையொப்பங்களைக் குவித்துக் கொடுத்துவிட்டு, மேலும் ஒரு மாதத்தைப் பெற்றுக்கொள்ளும் தந்திரம் தோன்றிற்று. அதனைக் காரணங்காட்டிச் சட்டசபை முன்வைத்த திருத்தம் 2014இல் நிறைவேறியது. அதன்படி, வேண்டிய தொகையில் 75 சதவீதமேனும் செல்லுபடியான கையொப்பங்கள் முதலிலேயே இருந்தாலன்றி அவகாசம் இல்லை. இதனை நாம் நியாயமற்றதெனக் கூறோம். ஆனால் கூலிக்குக் கையொப்பம் சேர்ப்போர் பற்றி இதற்கு முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட பத்திர விதிகளும் இதனோடு சேர்ந்தபோது விளைவு வேறாயிற்று.

2024 யூலை 5இல் கருச்சிதைவு உரிமை தொடர்பான யாப்புத் திருத்த மனு 101,525 கையொப்பங்களுடன் கையளிக்கப்பட்டது. வேண்டப்பட்டவை 90,704. கூலியாட்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டமைக்கான சான்று மனுவுடன் முறைப்படி இணைக்கப்படவில்லை எனச் செயலாளர் நிராகரித்தார். தேவையான பத்திரங்களைக் கொடுத்திருந்ததாக அமைப்பாளர் வாதிட்டனர். ஆகஸ்ட் 22இல் மாநில உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற பெரும்பான்மையால் செயலாளரை ஆதரித்தது. கூலியாட்கள் திரட்டிய 14,000க்கு மேற்பட்டவை கணக்கில் சேரா. எஞ்சியவையோ தொகையை எட்டா. ஆகவே திருத்த அவகாசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கையொப்பமிட்டோர் வாக்காளரல்லர் என்று எவரும் கூறவில்லை. குறை பத்திரத்தில் இருந்தது. தண்டனை கையொப்பத்திற்குக் கிடைத்தது.

ஒகையோ மாநிலத்தை ஒப்புநோக்கலாம். அங்கு 1912ஆம் ஆண்டு யாப்புத் திருத்தம் பற்றாக்குறையை நிரப்ப 10 நாள் அளிக்கிறது. 2023இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் மனுவில் 679 கையொப்பங்கள் குறைந்தன. அமைப்பாளர் அப்பத்து நாளுள் 6,500க்கு மேற்பட்டவற்றைச் சேர்த்தனர். அவ்வாண்டு நவம்பரில் அது வாக்கெடுப்பில் வென்றது. ஆர்க்கன்சோவில் கூலியாட்களின் கையொப்பங்களை நீக்கியபின் ஏற்பட்ட பற்றாக்குறை ஏறத்தாழ 3,000 மட்டுமே.