அஞ்சல் தலை உரைக்கும் வரலாறு

அஞ்சல் தலை சேகரிப்பு செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு என்று நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். ஆயின் அஞ்சல் தலை பிறந்தது எளியோர் பொருட்டே. முன்னாளில் இங்கிலாந்தில் கடிதக் கட்டணம் தொலைவுக்கேற்ப உயர்ந்தது. பெரும்பாலும் பெறுபவரே அதனைச் செலுத்தினர். எத்தொலைவுக்கும் ஒரு பென்னி போதும் என்று ரோலந்து ஹில் என்பார் வாதாடி வென்றார். 1840 மே 6-ஆம் நாள் வழக்கிற்கு வந்த ‘பென்னி பிளாக்’ உலகின் முதல் அஞ்சல் தலையாயிற்று. முதலாவதாயினும் அது அத்துணை அரியதன்று. ஏறத்தாழ 6 கோடியே 80 இலட்சம் அச்சாயின. பழமை வேறு, அருமை வேறு என்பதை மாணவர் மனத்திற் கொள்க.

ஆசியாவின் முதல் அஞ்சல் தலை, 1852 சூலை 1-இல் சிந்துப் பகுதியின் ஆணையர் பார்ட்டில் பிரியர் வெளியிட்ட அரையணா ‘சிந்து டாக்’ ஆகும். அதன் சிவப்பு வகை முத்திரை அரக்கினால் ஆனது, எளிதில் நொறுங்கிற்று. நொறுங்கியதனாலேயே இன்று கிடைத்தற்கு அரிதாயிற்று.

1854 அக்டோபரில் அரையணாக் கட்டணம் இந்தியா முழுமைக்கும் வந்தது. கால் தோலா எடைக் கடிதம் திருவண்ணாமலையிலிருந்து பெஷாவருக்கும் அதே அரையணாவில் செல்லலாம். கிணற்றில் நீர் மொள்ளவும் தெருவில் நடக்கவும் ஆளுக்கொரு விதி வகுத்திருந்த நாட்டில், எழுதியவன் எந்தக் குலத்தான் என்று வினவாத கட்டணம் அது. (அஞ்சற்காரர் சேரிக்குள் வந்தாரா என்பது வேறு கதை.)

அவ்வாண்டு கல்கத்தாவில் நாலணாத் தலை இருமுறை அச்சேறியது: சட்டம் சிவப்பில், விக்டோரியா அரசியின் தலை நீலத்தில். சில தாள்கள் மாற்றி வைக்கப்பட்டமையால் அரசியார் தலைகீழானார்! முப்பதுக்கும் குறைவான பிரதிகளே இன்று அறியப்பட்டுள்ளன. யாரோ ஓர் அச்சுத் தொழிலாளியின் கைப்பிழை, பெருஞ்செல்வர் மட்டுமே வாங்கத்தக்க பொருளாயிற்று.

1948 ஆகஸ்டு 15-இல் காந்தியடிகள் உருவந்தாங்கிய நான்கு தலைகள் வெளிவந்தன. தலைமை ஆளுநராயிருந்த இராசாசியின் அலுவலுக்கென 100 வரிசைகளில் மட்டும் ‘சர்வீஸ்’ என்னும் சொல் மேலச்சிடப்பட்டது. அவ்வகைப் பத்து ரூபாய்த் தலைகள் நான்கு 2017-இல் ஐந்து இலட்சம் பவுனுக்கு விற்பனையாயின. எளிமையே வாழ்வாகக் கொண்ட அடிகளுக்கு இந்த விலை!

பாபாசாகேப் அம்பேத்கர் 1966-இல் 15 பைசாத் தலையில் இடம்பெற்றார். சந்த் ரவிதாசர் 1971-இலும், இரட்டைமலை சீனிவாசனார் 2000-இலும், அயோத்திதாசப் பண்டிதர் 2005-இலும் இடம்பெற்றனர். இவை பெருவிலை பெறுவன அல்ல. ஆதலின் நம் பிள்ளைகள் இவற்றிலிருந்தே தொடங்கலாம். இத்துறையில் ஈடுபடும் 6 முதல் 9 வரையுள்ள வகுப்பு மாணவர்க்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் ‘ஸ்பர்ஷ்’ உதவித்தொகையை அஞ்சல் துறை 2017-இல் ஏற்படுத்தியது. தகுதி மதிப்பெண்ணில் பட்டியலினத்தார்க்கு 5 விழுக்காடு தளர்வும் அறிவித்தது.

கடைக்குச் செல்லுமுன் வீட்டையும் தேடுக. கோலார் தங்கவயலுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் பிழைக்கச் சென்ற நம் முன்னோரின் கடிதங்கள் சில இல்லங்களில் கம்பியிற் குத்தியபடியே கிடக்கலாம். தலையை மட்டும் கிழித்தெடுத்தல் ஆகாது. எந்த ஊரிலிருந்து, எந்நாளில் எழுதினர் என்பதை அஞ்சல் முத்திரை காட்டும். அதில் ஒரு பாதி தலையின் மேலும், மறுபாதி உறையின் மேலும் விழுந்திருக்கும்.