மலை பிரித்ததும் மனிதர் பிரித்ததும்



வாசுதேவநல்லூருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடர் மழையைப் பங்கு போடுகிறது. அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை வலுத்துப் பெய்கிறது. இந்தப் பக்கத்து நாம் பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறோம். ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே கழிக்கும் கூர்மூக்குத் தவளை ஒன்று இம்மலையில் உண்டு. கேரளப் பக்கத்தில் வாழ்வதை 2003இல் அறிவியலாளர்கள் பதிவு செய்தார்கள். திருவில்லிபுத்தூரை ஒட்டிய கிழக்குச் சரிவில் வாழ்வது வேறோர் இனம் என்று 2017இல் அறிவித்து, மறைந்த ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். ஒன்று தென்மேற்கு மழையை ஒட்டி முட்டையிடுகிறது. மற்றது வடகிழக்கு மழையில். கலப்பின்றிப் பல லட்சம் ஆண்டுகள் கடந்தால் ஓர் இனம் இரண்டாகிவிடும்.

டார்வின் 1859இல் எழுதியது இதைத்தான். பிறக்கும் உயிர்களிடையே சிறுசிறு வேறுபாடுகள் இருக்கின்றன. சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துக் கூடுதலாகப் பெருகுகின்றன. அவற்றின் பண்பு பரவுகிறது. இதுவே இயற்கைத் தேர்வு. இத்தவளையின் தலைப்பிரட்டைக்குப் பாறையைக் கவ்விப் பிடிக்கும் வாய் உண்டு. பாய்ந்தோடும் ஓடையில் அது உயிர் காக்கும். குளத்துத் தலைப்பிரட்டைக்கு அது தேவையில்லை. 'தகுதியுள்ளது பிழைக்கும்' என்ற தொடரை உருவாக்கியவர் ஸ்பென்சர். அந்தத் 'தகுதி' சூழலுக்குப் பொருந்துவதைக் குறிக்கிறது. பிறப்பில் உயர்வு தாழ்வைக் குறிக்கவில்லை. இடஒதுக்கீட்டை எதிர்ப்போர் தகுதி பேசும்போது இதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

அறிவியலின் பெயராலும் நம்மை அளந்தார்கள். ரிஸ்லி மூக்கின் அகலத்தைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்தினார். சென்னை அருங்காட்சியகத்தின் தர்ஸ்டன் அளவுகருவியோடு மாகாணம் முழுவதும் சுற்றினார். 1948இல் அம்பேத்கர் அத்தகைய அளவுகளையே எடுத்து வைத்து, பிராமணரும் தீண்டப்படாதோரும் ஒரே இனம் என்று வாதிட்டார்.

அதற்கு 32 ஆண்டுகளுக்கு முன்பே, 1916இல், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அகமணமே சாதியின் அடிப்படை என்று அவர் சொல்லியிருந்தார். ஹைதராபாத் ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தார்கள் என்றும், அகமணம் இறுகியது அதன் பிறகே என்றும் காட்டியது. தவளையைப் பிரித்தது மலை. நம்மைப் பிரித்தது மனிதர் விதித்த மணத்தடை. சாதிச் சுவர் நம்மை வேறு இனமாக்கிவிடவில்லை. சாதி கடந்து மணப்பவர்களைக் கொல்லும் அளவுக்கு அந்தச் சுவருக்குக் காவல் தேவைப்படுவதே அதற்குச் சான்று.

அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள், அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததைச் சொல்கின்றன. உலகில் எதுவும் ஆதியில் இருந்தபடியே இல்லை. சாதி மட்டும் மாறாதது என்போருக்குப் பரிணாமம் கசக்கத்தானே செய்யும்? 2023இல் என்சிஇஆர்டி தன் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. பதினோராம் வகுப்பில் அறிவியல் பிரிவுக்குப் போகாத பிள்ளைகள் பிறகு அதைப் படிக்கப் போவதில்லை.

பாடநூலில் விடுபட்டதை நம் தெருக்களின் இரவுப் பாடசாலைகளில் நாம் சொல்லித் தருவோம். உயிர்கள் அனைத்தும் உறவு என்பதைப் படித்த பிள்ளையிடம், பிறப்பால் தாழ்ந்தவன் என்று எவரும் சொல்லிவிட முடியாது.