துவக்க ஏற்றிக் கோளாறுகள்: சேலம், நாமக்கல் வட்டாரம்

துவக்க ஏற்றி (பூட் லோடர்) என்பது, கணினியை இயக்கியதும் வன்தட்டிலிருந்து இயங்குதளத்தின் கெர்னலை எடுத்து நினைவகத்தில் அமர்த்தி, பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கும் சிறு நிரல். லாரியின் செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றிவிட்டு விலகிக்கொள்வதைப் போல, வேலை முடிந்ததும் இதுவும் ஒதுங்கிவிடும். ஒரே இயங்குதளம் உள்ள கணினியில் இப்படி ஒன்று இருப்பதே பயனருக்குத் தெரியாது. புதிதாக ஓ.எஸ். போட்ட பின் திரை கறுத்து நின்றால்தான் இது கண்ணில் படும். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இந்தக் கோளாறு கணினிக் கடைகளைத் தாண்டி மாணவர் வீடுகள் வரை வந்தது, 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்குப் பிறகு.

முன்வரலாறு

ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிக்கணினி 1981இல் வெளிவந்தது. அதில் வன்தட்டு கிடையாது. நெகிழ்வட்டின் முதல் பிரிவிலிருந்தே டாஸ் தொடங்கியது. 1983இல் வந்த எக்ஸ்.டி. மாடலில் வன்தட்டும், அதைப் பல பார்ட்டிஷன்களாகப் பிரிக்கும் வசதியும் சேர்ந்தன. அப்போது வகுக்கப்பட்டதுதான் முதன்மைத் துவக்கப் பதிவு, அதாவது எம்.பி.ஆர். வட்டின் முதல் 512 பைட்டுகளே அதன் இடம். அதில் 446 பைட்டு துவக்க நிரலுக்கு, 64 பைட்டு பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட்டு அடையாளக் குறிக்கு. அட்டவணையில் ஒரு பதிவுக்கு 16 பைட்டு என்பதால் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் இடமில்லை. இந்த 512 பைட்டு ஏற்பாடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகின் தனிக்கணினிகளை ஆண்டது. பிற்காலத் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த இட நெருக்கடியில் பிறந்தவை.

லினக்ஸ் 1991இல் தோன்றிய சிறிது காலத்திலேயே வெர்னர் அல்மெஸ்பெர்கர் ‘லைலோ’ என்ற ஏற்றியை எழுதினார். கெர்னல் வட்டின் எந்தக் கட்டங்களில் இருக்கிறது என்பதை அது முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றிவிட்டு லைலோவை மறுபடி ஓட்ட மறந்தால் கணினி எழாது. ஆனால் பழுதை அடையாளம் காட்டுவதில் அதற்கு ஈடு குறைவு. தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டியபடியே அது முன்னேறும். ‘எல்’ மட்டும் நின்றால் இரண்டாம் நிலை நிரலை ஏற்ற முடியவில்லை. ‘எல்ஐ’ வரை வந்து நின்றால் ஏற்றியும் இயக்க முடியவில்லை. நான்கும் வந்தால் எல்லாம் நலம். லைலோவின் மேம்பாடு 2015 இறுதியில் நின்றது.

‘கிரப்’ ஏற்றியை 1995இல் எரிக் போலெயின் தொடங்கினார். 1999இல் கார்டன் மாட்ஸிகைட், யோஷினோரி ஒகுஜி ஆகியோர் அதை க்னூ திட்டத்துக்குள் கொண்டுவந்தனர். கோப்பு முறைமையைத் தானே படிக்கத் தெரிந்ததால் கட்டங்களைக் குறித்து வைக்கும் தேவை அதற்கு இல்லை. 446 பைட்டுக்குள் அடங்காத தன் நடுப்பகுதியை எம்.பி.ஆருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடைப்பட்ட காலியிடத்தில் அது வைத்துக்கொண்டது. மறுஎழுத்தாக உருவான இரண்டாம் தலைமுறையின் 2.00 பதிப்பு 2012 சூனில் வெளிவந்தது.

விண்டோஸ் எக்ஸ்.பி. வரை ‘என்.டி.எல்.டி.ஆர்.’ என்ற கோப்பும் ‘பூட்.ஐ.என்.ஐ.’ என்ற பட்டியலும் இந்த வேலையைச் செய்தன. 2007இல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதல் அந்த இடம் ‘பூட்மேனேஜர்’ நிரலுக்கும் ‘பி.சி.டி.’ தரவுத்தளத்துக்கும் போனது. வட்டில் வேறு ஏற்றி இருக்கிறதா என்று கேட்காமல் தன்னுடையதை எழுதிவிடுவது விண்டோஸ் நிறுவியின் வழக்கம். கிரப் மற்ற இயங்குதளங்களையும் தேடித் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வரிசை நிலைபெற்றதற்கு இதுவே காரணம்.

வட்டாரப் பின்னணி

தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கில் தன் கணினிகளை சூசே லினக்சுக்கு மாற்றியது. அதே ஆண்டு சி-டாக் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ் லினக்ஸ்’ இயங்குதளத்தை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் இரண்டும் ஒரே வட்டில் தரப்பட்டன. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர் கையில் இரட்டைத் துவக்கக் கணினி இவ்வளவு பெரிய அளவில் சேர்ந்தது தமிழ்நாட்டில் அதுவே முதல் முறை. ஓமலூர், ஆத்தூர், சங்ககிரி, ராசிபுரம், திருச்செங்கோடு ஊர்களின் பிள்ளைகள் கிரப் பட்டியலை முதலில் கண்டது அந்தத் திரையில்தான்.

எக்ஸ்.பி.க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடியவிருந்ததால், அரசுத் துறைகள் பாஸ் லினக்சை நிறுவிக்கொள்ளுமாறு 2013இல் அறிவுறுத்தப்பட்டன. தனியார் நிலை வேறு. லாரி புக்கிங் ஆபீஸ், ஜவ்வரிசி ஆலை, கோழிப்பண்ணை, ரிக் வண்டி உரிமையாளர் அலுவலகம் எனக் கணக்கு எழுதும் இடங்களில் டேலி என்ற கணக்கு மென்பொருள் வேரூன்றியிருந்தது. அதற்கு விண்டோஸ் வேண்டும். படிப்புக்கு லினக்ஸ், கணக்குக்கு விண்டோஸ் என்று ஒரே கணினியில் இரண்டும் தங்கின.

2012இன் கடும் மின்வெட்டும் இங்கு கணக்கில் கொள்ள வேண்டியது. யு.பி.எஸ். இல்லாத மேசைக்கணினியில் நிறுவல் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால், கோப்புகள் வந்து சேர்ந்திருக்கும். ஏற்றி மட்டும் எழுதப்பட்டிருக்காது.

வகைப்பாடு

கோளாறுகளை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

1. *மேலெழுதல்.* லினக்ஸ் இருந்த வட்டில் விண்டோஸை மறுபடி போட்டதும் கிரப் பட்டியல் மறைந்து, கணினி நேரே விண்டோசுக்குள் போகும். லினக்ஸ் பார்ட்டிஷன் தொடப்படாமல் அப்படியே இருக்கும்.

2. *வேரறுதல்.* இடம் போதவில்லை என்று விண்டோஸின் வட்டு மேலாண்மைக்குள் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால் நேர்வது. கிரப்பின் முதல் துண்டு எம்.பி.ஆரில் இருக்க, அது தேடும் கோப்புகள் மட்டும் போய்விடும். அடுத்த முறை இயக்கும்போது ‘கிரப் ரெஸ்கியூ’ என்ற ஒற்றை வரியும் துடிக்கும் கர்சருமே மிஞ்சும். விண்டோஸ் முழுதாக இருந்தும் அதற்குள் போக வழி இராது.

3. *இடையிடச் சிதைவு.* எம்.பி.ஆருக்குப் பிந்தைய காலியிடத்தில் சில வணிக மென்பொருள்களின் உரிமக் காப்பு நிரலும் எழுதும். ஃபிளெக்ஸ்நெட் இதற்கு அறிந்த எடுத்துக்காட்டு. கிரப்பின் நடுப்பகுதி அதனால் கெடும்.

4. *முறை மாறாட்டம்.* பயாஸுக்கு மாற்றாக வந்த யு.இ.எஃப்.ஐ. முறையில், 2005இல் அமைந்த யு.இ.எஃப்.ஐ. மன்றத்தின் தரப்படி, ஏற்றி எம்.பி.ஆரில் இருப்பதில்லை, ஃபேட்32 வடிவிலான இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனில் ஒரு கோப்பாக இருக்கும். விண்டோஸ் இந்த முறையில் இருக்க, பென்டிரைவைப் பழைய லெகசி முறையில் துவக்கி லினக்ஸ் போட்டால், இரண்டும் ஒரே பட்டியலில் சேரா.

5. *கையொப்ப மறுப்பு.* 2012இல் விண்டோஸ் 8 உடன் பரவிய செக்யூர் பூட், கையொப்பமில்லாத ஏற்றியை ஓட விடாது. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, கிரப்புக்கு முன் ஓடும் கையொப்பமிட்ட ‘ஷிம்’ கோப்பின் பழைய பதிப்புடன் இருந்த பல லினக்ஸ் நிறுவல்களை இவ்வாறு முடக்கியது. கணினி யாருடையதோ அவரே அதில் எது ஓட வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும் என்ற கொள்கைக்கு இது முரணானது.

தாய்ப்பலகையின் சிமாஸ் பேட்டரி தீர்ந்து துவக்க வரிசையும் சாட்டா முறையும் மாறிப்போவது ஏற்றிக் கோளாறு போலவே தோன்றும். தேதி பழைய ஆண்டுக்குப் போயிருந்தால் முதலில் பேட்டரியை மாற்ற வேண்டும். இரட்டைத் துவக்கத்தில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிசகுவது கோளாறே அல்ல. லினக்ஸ் உலகப் பொதுநேரத்தையும் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் வன்பொருள் கடிகாரத்தில் வைப்பதன் விளைவு.

சரிசெய்யும் முறை

முதல் வகைக்கு, லைவ் பென்டிரைவில் உபுண்டு அல்லது டெபியனைத் துவக்கி, லினக்ஸ் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, அதற்குள் ‘சிரூட்’ மூலம் நுழைந்து, ‘கிரப்-இன்ஸ்டால்’, ‘அப்டேட்-கிரப்’ கட்டளைகளைக் கொடுக்க வேண்டும். எம்.பி.ஆர். முறையில் பார்ட்டிஷன் எண்ணைச் சேர்க்காமல் முழு வட்டின் பெயரைத் தருவது முக்கியம்.

கோப்புகள் இருந்தும் ‘கிரப் ரெஸ்கியூ’ வந்தால் அங்கேயே வழி உண்டு. ‘எல்.எஸ்.’ என்று தட்டினால் பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும். ஒவ்வொன்றாகப் பார்த்து கிரப் அடைவு உள்ளதைக் கண்டுபிடித்து, ‘ரூட்’, ‘பிரிஃபிக்ஸ்’ இரண்டையும் அதற்கு அமைத்து, ‘இன்ஸ்மாட் நார்மல்’, பிறகு ‘நார்மல்’ கொடுத்தால் பழைய பட்டியல் திரும்பும். லினக்சுக்குள் போனதும் கிரப்பை மீண்டும் நிறுவாவிட்டால் அடுத்த முறையும் இதே நிலைதான்.

இரண்டாம் வகையில் லினக்ஸ் இனி வேண்டாம் என்றால், விண்டோஸ் நிறுவல் வட்டின் பழுதுநீக்கப் பகுதியில் ‘பூட்ரெக்’ கட்டளையை ‘ஃபிக்ஸ் எம்.பி.ஆர்.’ தெரிவுடன் கொடுத்தால் போதும். யு.இ.எஃப்.ஐ. கணினியில் ‘பி.சி.டி.பூட்’ கட்டளையே ஏற்றது. அங்கே ‘ஃபிக்ஸ்பூட்’ கொடுத்தால் அனுமதி இல்லை என்ற செய்தி அடிக்கடி வரும். மூன்றாம் வகைக்கு கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும். நான்காம் வகைக்கு, பென்டிரைவை யு.இ.எஃப்.ஐ. முறையிலேயே துவக்கி நிறுவ வேண்டும். ஐந்தாம் வகைக்கு, பயாஸ் அமைப்பில் செக்யூர் பூட்டை அணைப்பதே நேர்வழி. வட்டை மறையாக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினியில் அதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

2021இல் வந்த கிரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் ‘ஓ.எஸ்.-புரோபர்’ இயல்பாக அணைக்கப்பட்டிருப்பதால், விண்டோஸ் பட்டியலில் வராமல் போகலாம். கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் வந்துவிடும்.

இக்கோளாறுகளுடன் கடைக்குப் போகும் மாணவருக்குப் பல இடங்களில் கிடைக்கும் பதில், “ஓ.எஸ். போட்டா சரியாயிருமுங்க, ஆனா டேட்டா போயிரும்” என்பது. இது தவறான வைத்தியம். பத்து நிமிட வேலைக்காக இறுதியாண்டு புராஜெக்ட்டும் ஆண்டுக் கணக்கும் அழிக்கப்படுகின்றன. இத்தகைய நுட்பங்களைத் தமிழில் கற்க, து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் க்னூ/லினக்ஸ்’ நூலும், 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும் கைகொடுக்கின்றன.

இன்றைய நிலை

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. 2026 சனவரியில் தொடங்கிய கல்லூரி மாணவர் மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ் இரண்டும் உள்ளன.

இரண்டாம் வகையில் அழிக்கப்பட்ட லினக்ஸ் பார்ட்டிஷனில் இருந்தவை தவிர, மேற்கண்ட ஐந்து வகையிலும் பயனரின் கோப்புகள் வட்டில் பத்திரமாகவே இருக்கின்றன. ஆகவே துவங்காத கணினியை ஃபார்மட் செய்ய ஒப்புக்கொள்ளும் முன், ஒரு லைவ் பென்டிரைவில் அதைத் துவக்கிக் கோப்புகளை நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகே பழுது பார்க்கக் கொடுக்க வேண்டும்.