மருத்துவக் கட்டண முன்மதிப்பீடும் பில் ஒழுங்கும் (பேராக், மலேசியா)

சிகிச்சை தொடங்குமுன் செலவு எவ்வளவு ஆகும் என்று நோயாளிக்குச் சொல்லவும், முடிந்தபின் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டவும் தனியார் மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்தும் சட்ட ஏற்பாடு. மலேசியாவில் இதற்கு ஆதாரம் 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் (சட்டம் 586). பேராக் தோட்டத் தமிழருக்கு இது பிற்காலத்தில் வந்து சேர்ந்த கவலை. தோட்டத்தில் இருந்தவரை ஆஸ்பத்திரி பில்லைப் பார்க்கும் அவசியம் அவர்களில் பலருக்கு வந்ததில்லை.

ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. ஆள் செத்தால் மரம் சீவ ஆளில்லை. தொழிலாளியின் உடல்நலத்தில் அக்கறை பிறந்தது அங்கிருந்துதான். பேராக்கும் அடங்கிய கூட்டு மலாய் மாநிலங்களின் 1911-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டமும், 1923-இன் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் தொழிலாளியின் மருத்துவப் பொறுப்பை முதலாளியின் தலையில் வைத்தன. நடைமுறையில் அந்தப் பொறுப்பின் முகம் தோட்ட மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் காய்ச்சல் என்று நிற்பவனுக்குக் கொய்னா மருந்து கொடுப்பதும், இவன் வேலைக்குப் போகலாமா கூடாதா என்று முடிவு சொல்வதும் அவரே. கட்டணம் கேட்கப்படவில்லை, உண்மைதான். ஆனால் நோயாளியின் விருப்பமும் கேட்கப்படவில்லை. இந்த உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965-இல்தான் வந்தது. தோட்டத்தில் முடியாத நோய்க்குப் பத்து காஜா, தைப்பிங், ஈப்போ அரசு ஆஸ்பத்திரிகள் இருந்தன.

அரசு ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு 1951-ஆம் ஆண்டுக் கட்டணச் சட்டமும், அதன்கீழ் வந்த 1982-இன் மருத்துவக் கட்டண ஆணையும் அடிப்படை. குடிமக்கள் வெளிநோயாளியாக மருத்துவரைப் பார்க்க 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். இங்கே முன்மதிப்பீடு என்ற பேச்சுக்கே இடமில்லை, காத்திருப்புதான் விலை.

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலமானதும் சுங்கை சிப்புட், பீடோர் போன்ற வட்டாரக் குடும்பங்களை நகரத்துக்குத் தள்ளின. லயத்து வீட்டோடு டிரெஸ்ஸரும் போனார். ஈப்போவின் புந்தோங்கிலும் குனோங் ராப்பாட்டிலும் குடியேறியவர்கள் முதன்முறையாகத் தனியார் கிளினிக்கின் கண்ணாடிச் சன்னலுக்கு முன் காசோடு நின்றார்கள். ஈப்போவில் தனியார் மருத்துவமனைகள் பெருகியதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான்.

அதுவரை தனியார் துறையை ஆண்டது 1971-ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவமனைச் சட்டம். அதற்கு மாற்றாக 1998-இல் நிறைவேறிய சட்டம் 586, விதிமுறைகளோடு 2006 மே 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. எட்டு ஆண்டு இடைவெளி. விதிமுறையின் பதின்மூன்றாம் அட்டவணை, மலேசிய மருத்துவச் சங்கத்தின் கட்டணப் பட்டியலை ஒட்டி, மருத்துவரின் தொழில்முறைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. கிளினிக்குகளுக்கான தனி விதிமுறையில் சாதாரண ஆலோசனைக்கு 10 முதல் 35 ரிங்கிட் என்றிருந்தது. மருத்துவமனை மருத்துவர்களுக்கான வரம்பு 2013 டிசம்பரில் சுமார் 14 விழுக்காடு உயர்ந்தது. கிளினிக் மருத்துவருக்கோ 2025-இலும் அதே 35-தான் உச்சமாக இருந்தது.

சட்டத்தின் ஓட்டை இந்த அட்டவணையிலேயே இருக்கிறது. டாக்டரின் கட்டணத்துக்கு வரம்பு உண்டு. அறை வாடகை, மருந்து, கையுறை, ஊசி, கருவி வாடகை எதற்கும் இல்லை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைக்கும் பலூன்போல, பில் வளர்ந்தது இந்த இரண்டாவது பக்கத்தில்.

முன்மதிப்பீட்டு உரிமையிலும் இதே அரைகுறை. அதேபோன்ற நோயோடு வரும் சராசரி நோயாளிக்கு என்ன செலவாகுமோ அதை, சிகிச்சைக்கு முன், 'கேட்டால்' சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். பிரித்தெழுதிய பில்லும் அப்படியே. மூச்சுத் திணறும் அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவரும் மகன் எந்தச் சட்டப் பிரிவைக் கேட்பான்? பதிவு முகப்பில் அவனிடம் கேட்கப்படுவது காப்புறுதி அட்டை, இல்லாவிட்டால் டெபாசிட். அந்த டெபாசிட் தொகைதான் பலருக்குக் கிடைக்கும் ஒரே மதிப்பீடு. உயிர்காக்கும் அவசரச் சிகிச்சையைத் தர எல்லாத் தனியார் மருத்துவமனையும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்வதும், புகாரைக் கேட்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதும் அவ்வளவாக வெளியே தெரிவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, 2022 ஜனவரியில் அமலான அமெரிக்கச் சட்டம் காப்புறுதி இல்லாதவருக்கு, சிகிச்சைக்கு நாள் குறித்ததுமே எழுத்தில் மதிப்பீடு தரச் சொல்கிறது. பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் தகராறு எழுப்பலாம்.

மருத்துவம் சந்தைக்குப் போவதை எதிர்த்த பேராக் குரல்களில் முக்கியமானவர் நுரையீரல் நிபுணர் ஜெயகுமார் தேவராஜ். மலேசிய சோசலிசக் கட்சியைச் சேர்ந்த இவர் 2008 முதல் 2018 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினர். பில்லைத் திருத்துவதைவிட அரசு ஆஸ்பத்திரியைப் பலப்படுத்துவதே வழி என்பது அவர் தரப்பு.

2024 கடைசியில் மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் திடீரென எகிறவே, பேச்சு மறுபடி பில் பக்கம் திரும்பியது. உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா அந்த டிசம்பரில் அறிவித்தது. தொடர்ந்து 2025 மே 1 முதல் தனியார் கிளினிக், மருத்துவமனை, மருந்தகம் எல்லாம் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற ஆணை நடைமுறைக்கு வந்தது. மளிகைக் கடைக்கான விலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எங்கள்மீது ஏவுவதா என்று மருத்துவர்கள் மே 6-இல் புத்ராஜெயாவில் ஊர்வலம் போனார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை: 35 ரிங்கிட்டில் நின்றுபோன ஆலோசனைக் கட்டணத்தைப் பல கிளினிக்குகள் மருந்து விலையில்தான் ஈடுகட்டி வந்தன. ஆணை விலையைக் காட்டச் சொன்னதே ஒழிய, அதற்கு வரம்பு விதிக்கவில்லை. பொருள் பொருளாகக் கணக்குப் போடுவதை விட்டு, நோய்த் தொகுதிக்கு ஒரே கட்டணம் என்ற முறைக்குத் தனியார் மருத்துவமனைகளைப் படிப்படியாக மாற்றும் திட்டத்தையும் அரசு முன்வைத்திருக்கிறது.